இரண்டாவது வெளிச்சம்

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம், மலேசியாவின் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவரின் மகள் வெளிநாட்டில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி வந்திருந்தாள். அவளுக்குப் பாராட்டு விழா. நெறியாளர் நான். நாலு புத்தகம் படித்தவன், எந்தக் கூட்டத்தையும் சிரிக்க வைப்பவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அதைப் பரப்பியதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

நம் பாராட்டு விழாக்களில் பாராட்டப்படுகிறவர்தான் கடைசியில் பேசுவார். பொன்னாடைகளும் தலைவர்களும் முடிந்து அவளுக்கு மைக் கிடைத்தபோது சாம்பார் வாசம் வந்துவிட்டது. கூட்டம் கலையாமல் காப்பது என் கடமை என்று நானே முடிவுசெய்து, இன்னொரு மைக்கோடு பக்கத்தில் நின்றேன்.

அவள் முன்வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்துப் பேசினாள். மின்சாரத்தைத் தடையே இல்லாமல் ஓடவிடும் மீகடத்திகளைப் பற்றிய ஆராய்ச்சி அது.

"தோட்டத்துல மரம் வரிசையா நிக்குதுலப்பா, அந்த மாதிரி அதுக்குள்ள அணுக்கள் நிக்கும். கண்ணு சிமிட்டுற நேரத்துல கோடி தடவ வந்து போகலாம், அவ்ளோ சின்ன லேசர் வெளிச்சம் ஒன்ன அடிப்போம். அது வரிசைய ஆட்டிவிடும். பின்னாலயே ரெண்டாவது வெளிச்சம்..."

"தோட்டத்து மண்டோர் மாதிரி! வேலை நடக்குதான்னு பாக்க வருது!" என்றேன். மண்டபம் அதிர்ந்தது.

அவளும் சிரித்துவிட்டு, "அந்த ரெண்டாவது..." என்று மறுபடி தொடங்கினாள். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?

"அதெல்லாம் சரிம்மா, வீட்டு கரண்ட் பில்லு எப்ப குறையும்?"

கைதட்டல் அடங்கவே இல்லை. அவள் நன்றி சொல்லி இறங்கிவிட்டாள்.

சாப்பாட்டு வரிசையில் அவள் அப்பா தட்டோடு என்னிடம் வந்தார். பாராட்டப்போகிறார் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"அண்ணே, அந்த ரெண்டாவது வெளிச்சம் போயி என்னாண்ணே பண்ணுது?"

"மகளையே கேக்கலாமேண்ணே?"

"கேட்டேன்லா. விடுங்கப்பா, போதும்னுட்டா. படிச்சதெல்லாம் மலாய், இங்கிலீஷ். எனக்கு வெளங்கணும்னே தமிழ்ல சொல்லிப் பழகிட்டு வந்தா. நீங்க படிச்சவங்க, தெரியும்லண்ணே?"

எனக்குத் தெரியாது. "அது பெரிய விஷயம்ணே" என்று முனகிவிட்டுக் கை கழுவப் போனேன். அப்போது நான் சாப்பிடவே ஆரம்பித்திருக்கவில்லை.

வீட்டில் தேடிப் படித்தேன். அந்த அணு வரிசையின் ஆட்டம் அடங்குவதற்குள் அதைப் படம் பிடிக்கத்தான் இரண்டாவது வெளிச்சம் போகிறதாம். இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் மகள் வாயால் கேட்க வந்ததைக் கூட்டத்தின் சிரிப்புக்கு விற்றவன் நான். இன்றும் யாராவது என்னை நகைச்சுவையாளர் என்று அறிமுகப்படுத்தினால் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.