பதினேழாவது மடிப்பு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டு இருக்கிறது. எருமைத் தோலைச் சுருங்க வைத்துப் பதனிட்டது. மேலெல்லாம் வளைந்து வளைந்து ஓடும் மடிப்புகள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் பார்த்தவன் நான். மாடிப்படியைக்கூட எண்ணாமல் ஏற மாட்டேன். இந்த மடிப்புகளை மட்டும் பதினேழுக்கு மேல் எண்ணியதில்லை.

இதைக் கொடுத்தவள் என் மனைவி. அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தோலின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினால் போதும். கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்கடி, ஆறிப்போன முள்கீறல் எல்லாம் அவளுக்குத் தட்டுப்படும். கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து அவள் எதையும் நம்பியதேயில்லை. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் முதலில் கட்டைவிரல்தான் நீளும்.

நான் ஓய்வுபெற்ற வருடம், அந்தமானில் வேலையாயிருந்த மருமகன் எங்களை அங்கே வரவழைத்தார். கடலுக்கடியில் பவளப்பாறை பார்க்க இருவருக்கும் ஏற்பாடு செய்திருந்தார். நீச்சல் தெரியாவிட்டாலும் பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப்போவாராம், ஒருவர் மாற்றி ஒருவராக. படகில் முதுகில் மாட்டும் காற்று உருளைகளை எண்ணினேன், ஆறு. கையெழுத்துப் போடச் சொன்ன படிவத்தில் இருந்த நோய்களை எண்ணினேன், பத்தொன்பது. "பாலாத்துல முழங்கா தண்ணி பாத்தே எத்தினி வருசம் ஆச்சி. நமக்கு இன்னாத்துக்குடி இந்தக் கடலு?" என்றேன்.

"நீங்க எண்ணிக்கினே இருங்க. நான் மொதல்ல போய் செக் பண்ணிட்டு வர்றேன். சரக்கு நல்லாருந்தா நீங்க எறங்கணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

சரி என்றேன். அவள் கீழே இருந்தது இருபத்திரண்டு நிமிடம். நீரில் பொங்கி வந்த குமிழ்களின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவை நிற்காதவரை அவள் மூச்சு விடுகிறாள் என்று கணக்கு.

மேலே வந்தபோது அவள் கட்டைவிரலில் ரத்தம். மூளையின் மடிப்புகள்போல உருண்டு கிடந்த ஒரு பவளத்தைத் தடவிப் பார்த்திருக்கிறாள். பயிற்சியாளருக்குக் கோபம். "எதையும் தொடக் கூடாதுன்னு கரையிலயே மூணு முறை சொன்னேனேம்மா. அது கல்லு இல்ல, உயிரு."

"தெரியும் தம்பி. கை தானா போய்டிச்சி," என்று தலைகுனிந்தாள்.

அந்த ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "பாத்தியா? உன்ன இப்பிடி உட்டுட்டு நான் எங்க எறங்கறது?" என்றேன்.

"ஒரு வெரலுதாங்க. தம்பி கட்டு போட்டுடும். போய்ட்டு வாங்க. நான் பாத்தத நீங்களும் பாக்கலன்னா, அப்புறம் யார்கிட்ட பேசுவேன்?"

நான் இறங்கவில்லை. எனக்கென்று வைத்திருந்த உருளை நிறைந்தபடியே கரைக்குத் திரும்பியது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சமைக்கும்போதோ பூத்தொடுக்கும்போதோ திடீரென்று ஆரம்பிப்பாள். பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கிற சத்தம் கரும்பு கடிக்கிற மாதிரி கேட்டதாம். ஒரு பெரிய சிப்பி, இவள் நிழல் பட்டதும் உதட்டை மூடிக்கொண்டதாம். பாதி சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். "உட்டுத் தள்ளுங்க, நீங்கதான் வர்லியே," என்று நிறுத்திவிடுவாள். அந்த மீதிப் பாதிகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அப்போது எண்ணத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய சில நாளில், கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். "அந்தப் பவளம் அச்சா இப்பிடியேதான் இருந்துச்சி. கண்ண மூடிக்கினு தடவுங்க. இங்க பாருங்க, ஒரு மடிப்பு ரெண்டா பிரியுது. அதுலயும் இந்த மாதிரி ஒரு எடம். அங்கதான் வெரலு கிழிஞ்சது." நான் அவசரமாகத் தடவிவிட்டு இழுப்பறையில் போட்டேன்.

அவள் போய் நாலு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. போன வாரம் காது வலிக்காக வேலூருக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன், இனிமேல் கடலில் இறங்கலாமா என்று. இளம் பெண். சிரித்துவிட்டார். "இந்தக் காதோட வேணாம் தாத்தா. பஸ்ல ஜன்னல் காத்து காதுல படாம தள்ளி ஒக்காந்து போங்க, அது போதும்."

ஆம்பூர் வரும்வரை ஜன்னலோரம்தான் உட்கார்ந்து வந்தேன். பாலாற்றில் மணல்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைவிரல் மெதுவாகப் போகிறது. பதினைந்து, பதினாறு, பதினேழு. இங்கேதான் மடிப்பு இரண்டாகப் பிரிகிறது. விரல் அங்கேயே நின்றுவிடுகிறது.