மடி இல்லாத மாடு

இந்த நாட்டில் எதற்கும் கட்டைவிரல்தான் பதில். போலந்துக்கு வந்த புதிதில், காய்ச்சல், இன்று வர முடியாது என்று கிடங்கு மேலாளர் மாரெக்குக்குச் செல்போனில் எழுதினேன். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று வந்தது. எங்கள் பக்கம் கட்டைவிரல் என்றால் பத்திரத்தில் உருட்டி வைப்பது, வைத்தவன் உருப்பட்டதில்லை. வேலைக்கு வேட்டு வைத்துவிட்டார் என்று பயந்து, காய்ச்சலோடு போய் நின்றேன். "ஏன் வந்தாய்? சரி என்றுதானே சொன்னேன்?" என்றார் மாரெக். அன்றிலிருந்து எமோஜி எதையும் நான் நம்புவதில்லை, ஒருவர் அனுப்புவதைத் தவிர.

கச்சிராயபாளையத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. கரும்பு வெட்டியும் மாடு மேய்த்தும் காலம் தள்ளியவர். மூன்று வருடத்துக்கு முன் லீவில் போனபோது, தங்கை செல்வியின் செல்போனில் எமோஜி தேட அவருக்குப் பழக்கிவிட்டேன். சிரிக்கும் முகங்களைப் பார்த்து, "இன்னாடா, வெறும் தலையா உருண்டுக்கினு கெடக்குது?" என்றார். தள்ளித் தள்ளி மாட்டில் வந்து நின்றார். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு மாடு வரும். நலம் என்று அர்த்தம். கல்வராயன் மலையில் மழை என்றால் பக்கத்தில் ஒரு குடையும் இருக்கும்.

போன மாதம் ஒரு நாள் வந்த மாட்டை இரண்டு முறை பார்த்தேன். அது காளை. அந்த வரிசையில் காளை, எருமை, பசு மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். படித்தவர்களுக்கு எல்லாம் மாடுதான். அப்பா ஒரு நாளும் மடி இல்லாததைத் தொட்டதில்லை. மறுநாளும் காளை, அதற்கு மறுநாளும் காளை. வேறு யாரோ அனுப்புகிறார்கள். அப்பா இருக்கிறாரா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், வீட்டில் எதை மறைப்பார்கள் என்று.

செல்வியை அழைத்தேன். "அப்பா நல்லாத்தான் இருக்காருண்ணே," என்றாள். குரல் சரியில்லை. "அவர்கிட்ட குடு," என்று கத்தினேன். அப்புறம்தான் ஒத்துக்கொண்டாள். மூன்று நாளாக மாடு அனுப்பியது அவள்தான். அப்பா நிறுத்திவிட்டார், நான் பயப்படுவேன் என்று அவள் அனுப்பியிருக்கிறாள்.

அப்பா வந்தார். "ஏம்பா நிறுத்திட்ட?" என்றேன்.

"மாட்டப் பாத்துட்டு, வூட்டுக்கே வந்துட்டாப்ல அங்கியே குந்திக்கினு இருக்க. மாடு வரலன்னாவாது நீ வருவியான்னு பாத்தேன்."

உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அன்றே லீவு கேட்டேன். இருபது நாள் கிடைத்தது. அப்பாவுக்குச் சொல்ல எமோஜியில் விமானம் தேடினால், இரண்டு விதம் இருக்கின்றன. ஒன்று தரையிறங்குகிறது, இன்னொன்று மேலே ஏறுகிறது. இறங்குவதை மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவரிடம் அந்தப் பொய் செல்லாது. முதலில் வருவதற்கு இறங்குவது, அடுத்து திரும்பிப் போவதற்கு ஏறுவது என்று இரண்டையும் அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அப்பாவின் பதில் வந்தது. இறங்குகிற விமானம் மட்டும்.