இரண்டு பேர் பிடிக்கும் விரிப்பு

ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பை ஒரே ஆள் மடிக்க முடியாது. மடிக்கலாம்தான், ஆனால் ஒரு முனை தரையில் புரளும். தரையில் பட்டது மறுபடியும் சலவைக்குத்தான் போகவேண்டும். அதனால் அந்தச் சலவைக்கூடத்தில் மேசைக்கு இரண்டு பெண்கள். எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறி, நாலு எட்டு முன்னே வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்னே போய், மறுபடி வந்து, காலைச் சங்கு ஊதியதிலிருந்து மாலை ஐந்து மணி வரைக்கும் இதேதான். பார்க்கிறவர்களுக்கு ஏதோ விளையாட்டுப் போல இருக்கும். அது என்ன விளையாட்டு என்று முழங்காலைத்தான் கேட்கவேண்டும்.

மூன்றாம் மேசைக்காரியைக் கூடத்தில் எல்லோரும் சாமியாரம்மா என்பார்கள். வயது என்னவோ இருபத்தெட்டுதான். மடிக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும், அதனால் வந்த பெயர். இந்த விரிப்பில் படுக்கப்போகிற ஆள் யாரோ, எழுந்து வீடு போய்ச் சேரட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் வேண்டிக்கொள்வாள்.

எதிரே நிற்பவளுக்கு ரேடியோ என்று பெயர். புருஷன் இறந்து பத்து வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் பேச ஆளில்லாத குறையையெல்லாம் மேசையில் தீர்த்துக்கொள்வாள்.

"ஏண்டி, எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிட்டா அப்புறம் விரிப்பு யாருக்கு? நம்ம பொழப்புல மண்ணைப் போடாம கொஞ்சம் பாத்து வேண்டிக்க."

"போங்கக்கா, உங்களுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கறேன்."

"எனக்கு எதுக்கு? நான் என்ன படுத்தா கிடக்கேன்? முழங்காலுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வை."

சாமியாரம்மாவுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு மூன்றரை. வேலை தேடிப் போன கணவன், போனவன் போனவன்தான். சாமியாரம்மாவும் சின்ன வயதில், அம்மா வேலைக்குப் போனதால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஐந்தாவதோடு நின்றவள். சின்னவள் பிறந்த பிறகு பெரியவளுக்கும் அதே கதை ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடம் ஒரு நாள், வீடு ஒரு நாள். ஒன்பது வயதுக் குழந்தை இடுப்பை ஒடித்து நின்று தங்கையைத் தூக்கிவைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னையே பார்ப்பது போல இருக்கும்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. ஏழைத் தாயும் பிள்ளையும் சேர்ந்தே மேலே வரவேண்டும் என்று யாரோ நல்ல மனது உள்ளவர்கள் யோசித்த திட்டம். சின்னப் பிள்ளையைக் காலை முதல் மாலை வரை ஒரு குழந்தைகள் நிலையத்தில் பார்த்துக்கொள்வார்கள், பாட்டும் படமும் சொல்லித்தருவார்கள். பதிலுக்குத் தாய் செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்து, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படிக்கவேண்டும். ஒன்பது மாதம். முடித்தால் ஆஸ்பத்திரியிலேயே வேலை. தாய் மூன்று வகுப்பு வராவிட்டால் பிள்ளையின் இடமும் போய்விடும்.

சின்னவளுக்கு இடம் கிடைத்தது. பெரியவள் தினமும் பள்ளிக்கூடம் போனாள். நாலு மாதத்தில் ஒரு நாள்கூட விடவில்லை. எழுத்து குண்டு குண்டாக வர ஆரம்பித்தது. சாமியாரம்மா கடவுளிடம் புதிதாக எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டு, இருப்பது இப்படியே இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லிவந்தாள்.

வகுப்பு நாட்களில் அவள் மூன்றரைக்கே கிளம்பவேண்டும். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். ரேடியோதான் முன்னே வந்தாள். "அவ போகட்டும் சார். மிச்ச நேரம் நான் தலையணை உறை மடிக்கறேன். அதுக்கு ஜோடி எதுக்கு?"

அந்த நாலு மாதத்தில் இரண்டு வகுப்பு தவறிப்போயிருந்தது. ஒரு தடவை சின்னவளுக்குக் காய்ச்சல். இன்னொரு தடவை கொதிகலன் பழுதாகி, எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். நிலையத்து டீச்சர் சின்ன வயதுக்காரி, நல்ல பெண். "அக்கா, இன்னும் ஒண்ணுதான் பாக்கி. பாத்துக்கங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சாமியாரம்மா இதை ரேடியோவிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே அவள் தோளில் ஏற்றியது போதும் என்று நினைத்தாள்.

ஒரு புதன்கிழமை காலை ரேடியோ வாயைத் திறக்கவில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. "பேட்டரி தீந்துபோச்சா?" என்று அடுத்த மேசையிலிருந்து கேட்டார்கள். விரிப்பின் முனையை வாங்கும்போதுதான் சாமியாரம்மா அவள் ஆள்காட்டி விரலில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. கதவுல நசுங்கிச்சு."

பொய் சொல்லத் தெரியாத வாய் அது. மதியத்துக்குள் விஷயம் வெளியே வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே தலையணை உறை மடிக்கப் பக்கத்துக் கூடத்துக்கு இயந்திரம் வந்துவிட்டதாம். அதிலிருந்து செவ்வாய், வியாழன் மூன்றரைக்கு மேல் ஜோடி இல்லாத ரேடியோவை அழுக்கறைக்கு அனுப்பிவந்திருக்கிறார் சூப்பர்வைசர். வார்டுகளிலிருந்து வரும் ரத்தமும் சீழும் பட்ட துணியைப் பிரித்துப் போடுகிற அறை அது. அவசரத்தில் யாரோ விட்டுவிட்ட ஊசி ஒன்று சுருட்டிய துணிக்குள் இருந்திருக்கிறது. கையுறையைத் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது.

"ரத்தம் எடுத்திருக்காங்க," என்றாள் ரேடியோ. "மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்பாங்களாம். அதுவரைக்கும் என்னை நானே பத்திரமா வச்சுக்கணும். புதுப் பொண்ணு மாதிரி."

அவள் சிரித்தாள். எதிரே நின்றவளால் முடியவில்லை.

அன்று மாலையே சாமியாரம்மா சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். "சார், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் அக்காவை வேற மேசையில சேத்து விடுங்க சார்."

"எல்லா மேசையிலயும் ரெண்டு பேர் இருக்காங்க. மூணாவது ஆள் நின்னு என்ன, கைதட்டுமா?" பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "நீ இருந்தா அவ மேசையில இருப்பா. நீ போனா அவ உள்ள போவா. அவ்வளவுதாம்மா."

மறுநாள் வியாழன். மூன்றரை ஆனதும் ரேடியோ வழக்கம்போல, "கிளம்பு, கிளம்பு, டாக்டரம்மாவுக்கு நேரமாச்சு," என்றாள். சாமியாரம்மா அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"என்னடி?"

"இன்னைக்கு வகுப்பு இல்லக்கா."

அவளுக்கும் பொய் சொல்ல வராது. ஆனால் விரல் வலியில் இருந்தவள் அதைக் கவனிக்கவில்லை. இன்னொருத்தி கையை மிதித்து ஏறச் சொல்லிக் கடவுள் ஏணி கொடுப்பாரா என்று சாமியாரம்மா நினைத்தாள். நல்லதற்காகத் தவறவிட்டால் எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்றும் நினைத்தாள். உலகம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கையில் இருக்கிறது, அவர்கள் நியாயம் தெரிந்தவர்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. நாலு மணி அடித்தது. நாலரையும் ஆனது. ஒவ்வொரு விரிப்பாக அடுக்கு உயர்ந்தது.

வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் முழுக் கதையையும் கேட்டாள். கண் கலங்கினாள். அங்கேயே, அவள் முன்னாலேயே, மேலே உள்ளவர்களுக்குப் போன் போட்டு மன்றாடினாள். பிறகு போனைக் கீழே வைத்தாள்.

"விதி என் கையில இல்லக்கா. வெளியில நாப்பது பேர் காத்திருக்காங்க. அவங்க இடுப்புலயும் குழந்தைதான் இருக்கு."

உண்மைதானே. சின்னவளின் துண்டையும் மாற்றுத் துணியையும் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். வாசலைத் தாண்டும்போது, யாருக்கு இந்த இடம் போகிறதோ அவளாவது விடாமல் வரட்டும் என்று வேண்டிக்கொள்ளப் பார்த்தாள். பாதிக்கு மேல் வார்த்தை வரவில்லை. சின்னவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை திரும்பி வரப்போகிறவள் மாதிரி.

திங்கட்கிழமை சின்னவளை அடுத்த வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்கு மட்டும் விட்டுவிட்டு வந்தாள். வந்ததும் இன்னொன்று காத்திருந்தது. அழுக்கறையில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி வேலையை விட்டுப் போய்விட்டாள். சூப்பர்வைசர் விரலை நீட்டியது ரேடியோவை. "உனக்குத்தான் அந்த வேலை பழக்கம். இனிமே முழுநேரமும் அங்கதான்." மூன்றாம் மேசைக்குப் புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவளுக்கு முனை எது, மடிப்பு எது என்று தெரியவில்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு ரேடியோ சொன்னாள்: "போகட்டும் விடு. நீயாவது நாளைக்குப் போய் ஒழுங்கா உக்காந்து படி. நான் எப்படியும் இனிமே உள்ளதான், நீ கிளம்பறதால எனக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது."

இனி மறைக்க முடியாது. சாமியாரம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மூன்றாவது வகுப்பு என்றாள். இடம் போய்விட்டது என்றாள்.

ரேடியோ டப்பாவை மூடினாள். சத்தம் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"என்னைக் கேட்டியா நீ? அடியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அக்கா, உங்க கை..."

"என் கை! என் கை போனா போகுது. அம்பது வயசுல இதை வச்சு நான் என்ன வீணையா வாசிக்கப் போறேன்? உன் பொண்ணுங்களுக்காகத்தான்டி நான் உள்ள போனேன். ஒருத்தியாவது இங்கருந்து வெளிய போறான்னு இருந்தேன். நாலு மாசமா அதைச் சொல்லிச் சொல்லித்தான் படுத்தேன், எழுந்தேன். இப்பப் பாரு. நானும் அங்க, நீயும் இங்க. யாருக்குடி லாபம்?"

"தப்புத்தான்க்கா."

"தப்பு இல்லடி. தப்புன்னா திட்டிட்டு விட்டுடலாம். நல்லது பண்றேன்னு பண்ணி என் தலையில பாவத்தைக் கட்டிட்ட. இதை நான் எங்க கொண்டு போய் இறக்குவேன்?"

அவள் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் அழுக்கறைக்குள் போய்விட்டாள். சாமியாரம்மா அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். செய்தது கடவுளுக்குப் பிடித்த காரியம் என்று நினைத்திருந்தாள். இப்போது அது யாருக்குப் பிடித்த காரியம் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பெரியவளின் பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேருமாகப் போனார்கள். அலுவலக அறையில் கிளார்க் தடித்த வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"லீவு எதுக்கு?"

"தங்கச்சியைப் பாத்துக்கணும் சார். வேற ஆள் இல்ல."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வாரம்," என்றாள். கிளார்க் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இந்த மாதிரி ஒரு வாரங்களை அவர் நிறையப் பார்த்திருக்கவேண்டும். பென்சிலால் எழுதினார். தேவைப்பட்டால் அழித்துவிட்டு நீட்டிக்கொள்ளலாம் என்பதற்காக.

வெளியே வந்ததும் சலவைக்கூடத்துச் சங்கு ஊதியது. வேலைக்கு நேரமாகிவிட்டது. பெரியவள் அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. "பாலை எப்பம்மா காய்ச்சணும்?" என்றுதான் கேட்டாள். சொன்னதும் தலையாட்டிவிட்டு, தங்கையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வகுப்பறைப் பக்கம் திரும்பாமல் வெளிவாசலைப் பார்த்து நடந்தாள்.