இடது கையில் இல்லாத நட்டு

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு தகரக் கொட்டகையில், வாடகை லேத்தை வைத்துத் தொழில் ஆரம்பித்தவன் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி. இன்று அதே இடத்தில் கான்கிரீட் கட்டடம், பம்ப் செட் கம்பெனி, பின்னால் இரும்பு வார்க்கிற சொந்த பவுண்டரி. மகளை ஈரோட்டில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். பேங்க்காரன் விரட்டினான், பங்காளிகள் சிரித்தார்கள், கரண்ட் கட்டில் பாதி ஆர்டர் போனது. அத்தனையும் தாண்டி ஒற்றை ஆளாய்க் கட்டினேன். இந்தக் கணக்கில் இன்னும் ஒன்று சேர வேண்டும். அதை யாரும் சேர்க்காததால் நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தனையும் என் மகனுக்காக. லேத்தில் அவன் கை வைத்தால் என்னைவிடச் சுத்தமாகப் போல்ட்டில் மரை வெட்டுவான். நான் இன்னொருவனைப் பற்றி இப்படிச் சொன்னதே கிடையாது. பவானியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பைக் சறுக்கியது. ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியது. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். எழுந்து நடந்தான், லேத்துக்கும் வந்தான். கண்டம் கழிந்தது என்று கோயிலுக்குக்கூடச் செய்துவிட்டோம்.

ஒரு வருஷம் ஆகப்போகும் நேரத்தில், கம்பெனித் தரையிலேயே விழுந்தான்; கை கால் வெட்டி இழுத்தது. ஆட்கள் ஓடிவந்து கையில் ஸ்பேனரைத் திணித்தார்கள்.

பீளமேட்டில் ஒரு டாக்டரம்மா. தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு ஏன் இத்தனை நாள் கழித்து வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். ஸ்பேனர் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"கையில எதுவும் குடுக்காதீங்கய்யா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போதும்."

"எங்ககிட்ட இருக்கறது அது ஒண்ணுதானுங்களே அம்மணி. எங்க கையை உட்டாலும் இரும்புதானுங்க வருது" என்றேன். சிரித்துவிட்டார். அடிபட்ட இடத்தில் மூளையில் தழும்பு இருக்கிறது, சிலருக்கு அது வலிப்பாகிறது, சிலருக்கு ஆவதில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றார். மாத்திரையில் வலிப்பு நின்றது. நெடுநாள் வராமலே இருந்தால் லேத்துக்குப் போகலாம் என்றும் சொன்னார். மகன் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தான்.

அப்புறம்தான் அந்தக் கை. பேசிக்கொண்டே இருப்பான், நடுவில் நின்றுபோவான். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ உருட்டும். எங்கள் தொழிலில் மரை வெட்டியதும் நட்டைப் போட்டு உருட்டிப் பார்ப்போம். எங்களில் யாருக்கும் சாப்பிடும்போதுகூட விரல் தானாக உருட்டும். "சின்ன மொதலாளி கனவுலயும் மரை பாக்கறாருங்கோ" என்று ஆட்கள் கேலி செய்தார்கள்.

மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, பிடியில் காதைக் கொடுத்து, பேரிங் போய்விட்டதா என்று சொல்லுகிறவன் நான். மகனையும் அப்படித்தான் கவனித்தேன். உருட்டியது இடது கை. என் மகன் ஜென்மத்தில் இடது கையால் நட்டு போட்டதில்லை. அடுத்த தடவை விரல் உருளும்போது பக்கத்தில் போய், "கண்ணு, ஊடு தீப்புடிச்சுருச்சு" என்றேன். திரும்பவே இல்லை. கை நின்றபின், "ஏனுங்கப்பா, ஏதாச்சும் சொன்னீங்களா?" என்றான்.

நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது.

"டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்கப்பா. அப்பறம் லேத்துப் பக்கமே உட மாட்டாங்க. உங்களைக் கும்புட்டுக்கறேன்."

ஓடுகிற லேத்தில் சட்டைக்கை மாட்டியவனை நான் பார்த்திருக்கிறேன். போய்ச் சொன்னேன்.

தலை முழுக்க ஒயர் ஒட்டி, கேமரா வைத்துப் படுக்கவைத்தார்கள். இடது விரல் உருண்ட அதே நேரம் திரையில் கோடுகள் தாறுமாறாக எழுந்தன. "நீங்க சொன்னது சரிதாங்கய்யா. இதுவும் வலிப்புதான். வேலைப் பழக்கம்னு சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு தலையில் அடிபட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன தொழில், கை என்ன பழக்கம் என்றும் கேட்கிறாராம். மாத்திரைகளை மாற்றிப் பார்த்தும் அந்தச் சின்ன வலிப்பு நிற்கவில்லை. லேத், பைக், எதுவும் இனி கூடாது என்று மகனிடம் அவரே சொன்னார். அவன் என்னைத்தான் பார்த்தான்.

லேத்தில் இப்போது சம்பள ஆள் நிற்கிறான். மகன் ஆபீஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான். லேத் சத்தம் கேட்கக் கூடாதாம். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறான்.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. வரச்சொல்லி, தமிழில் படித்துக் காட்டினார். 'குடும்பத்தினர் ஒருவர் கவனித்துக் கூறியதன் பேரில்' என்று ஒரு வரி.

"யாருங்க அந்தக் குடும்பத்தினர்?"

"பேர் போடக் கூடாதுங்கய்யா. நோயாளி யாருன்னு தெரிஞ்சுரும்."

"பேரை யாருங்க கேட்டா? அப்பன்னு போடுங்க."

அடுத்த கட்டுரையில் பார்க்கலாம் என்றார். எனக்கு அடுத்தது வேண்டாம். குடும்பத்தினர் ஒருவர் என்றால் அது அவன் அம்மாவாகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம். அவர்களோடெல்லாம் அவன் இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். கண்டுபிடித்தவன் நான், போய்ச் சொன்னவனும் நான். கட்டுரையை அச்சுப் போட்டவர்களே, அந்த வரியைத் திருத்தி, தகப்பன் சொன்னான் என்று இந்தக் கட்டுரையிலேயே போடுங்கள்.