ஒரே ரத்தம், ஒரே மாத்திரை

காஞ்சிபுரத்தில் நெசவாளிக்குக் கால் வலித்தால் பழி தறிக்குழிக்குத்தான். குழியில் காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்க மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்பார்கள். சபாபதிக்கு வலித்தபோதும் அதையேதான் சொன்னார்கள். பாவம், சும்மா கிடந்த குழிக்குக் கெட்ட பெயர்.

சபாபதிக்கும் மனைவி தையல்நாயகிக்கும் எச்.ஐ.வி. இருந்தது. மகள் சங்கீதாவுக்கும் பிறவியிலேயே வந்துவிட்டது. அவள் இன்னும் சிறுபிள்ளை மருந்தில் இருந்தாள். பெரியவர்கள் இருவருக்கும் பழைய மருந்து கேட்காமல் போனதால், 2009இல் புது மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் சபாபதிக்கு எலும்பெல்லாம் வலி. அவன் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. சர்க்கரைதான் என்று தெருவே முடிவு கட்டியது. அவனும் சோற்றைக் குறைத்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறவே இல்லை என்று தெரிந்தபோது சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. ஆளும் போய்விட்டான்.

தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தாள். சங்கீதாவைக் கரைசேர்க்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை.

மறு வருஷம் அவள் காலும் வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா கேட்டார்.

"உங்க ரத்த சொந்தத்துல யாருக்காவது கிட்னி கெட்டுப்போச்சாம்மா?"

"யாருக்கும் இல்லம்மா."

அவள் பொய் சொல்லவில்லை. ரத்த சொந்தம் என்றால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள். தாலி கட்டியவனை அதில் யார் சேர்ப்பார்கள்? ரத்தச் சோதனையும் நன்றாகவே இருந்தது. வலி மாத்திரையோடு திரும்பினாள்.

மறுநாள் குளியலறை ஓரத்தில் எறும்புச் சாரை. மாமியார் ஜெயம்மாள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் புள்ளைக்கு வந்தது என் அண்ணன் பொண்ணுக்குமா வருது? எங்கப்பன் வூட்டு ரத்தமே இப்படியா?"

தாலி கட்டியவனும் ரத்த சொந்தம்தான் என்று தையல்நாயகிக்கு அப்போதுதான் உறைத்தது. தறி வெளியே போகக் கூடாதென்று அவளைச் சொந்த அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். சங்கீதாவையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"தப்பா சொல்லிட்டேன்மா. எங்க வூட்டுக்காரரு கிட்னி போய்த்தான் செத்தாரு. அவரு எனக்கு அத்த புள்ள. அவருக்கு மொய்ச்ச மாதிரியே எனக்கும் ஒண்ணுக்குல எறும்பு மொய்க்குது."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "சில பேருக்குப் பொறப்புலயே இந்த மாத்திரை கிட்னிக்கு ஒத்துக்காதும்மா. கிட்னி கெட்டா ரத்தத்துல சர்க்கரை ஏறாமலே ஒண்ணுக்குல எறங்கும், எலும்பும் வலிக்கும். குடும்பத்துல வழிவழியா வரலாம். உங்களுக்கு இன்னைக்கே மாத்திடறேன். நல்லவேளை, வந்துட்டீங்க."

தையல்நாயகி கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மா அதைக் கவனிக்கவில்லை.

"உங்க பொண்ணு எந்த மாத்திரை சாப்பிடறா?"

"எங்க மாத்திரைதாம்மா. பெரிய பொண்ணாயிட்டான்னு தீபாவளிலேருந்து குடுத்துக்கினு இருக்காங்க."

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். வெளியே பெஞ்சில், தறிக்குழியில் ஒருநாளும் கால் வைக்காத சங்கீதா, குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.