சின்னவன்ரை பங்கு

எனக்கு வாய் கூட எண்டு எங்கடை சனத்துக்குள்ள ஒரு கதை இருக்கு. இருக்கட்டும். அண்டைக்கு அந்த பார்மில, வெட்டின மாட்டுக்கு முன்னால நிண்டு, சொந்த அண்ணையைப் பார்த்துக் கத்தினவள் எண்டு இண்டைக்கும் சொல்லித் திரியினம். ஏன் கத்தினவள் எண்டதை மட்டும் ஒருத்தரும் சொல்லுறேல்லை. அதால நானே சொல்லுறன்.

வன்னியில சண்டை முடிஞ்ச வருசம் அது. சண்டையை நிப்பாட்டச் சொல்லி இங்கை டவுண்டவுனில ரோட்டில இருந்து கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. நாங்கள் மூண்டு பேர் சகோதரம். அண்ணை, நான், கடைசி சின்னவன். அண்ணையும் நானும் கனடாவுக்கு வந்து சேர்ந்திட்டம். சின்னவன் வரமாட்டன் எண்டு வன்னிக்குள்ள நிண்டவன். சண்டை முடிஞ்சு கொஞ்ச நாளில முகாமுக்குள்ள இருந்து எங்கடை ஊர் மனிசி ஒருத்தி போன் எடுத்தா. சண்டையின்ரை கடைசிக் கிழமை அவனைக் கண்டனான், காலில காயம், ஆனா சனத்தோட ஆமிப் பக்கம் நடந்து போனவன் எண்டு சொன்னா. அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆரைக் கேட்டாலும் தெரியாது.

அண்ணையின்ரை மூத்த மகளுக்கு ஓகஸ்டில கலியாணம். ஹோல் பிடிச்சாச்சு, கூறைச்சீலையும் எடுத்தாச்சு. தம்பியின்ரை துக்கம் கழியாமல் கலியாணம் செய்யிறான் எண்டு சனம் கதைக்கும், அதுதான் அண்ணிக்குக் கவலை. அதுக்கு ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிச்சினம். முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்குடுத்து, சனத்துக்குச் சாப்பாடும் குடுத்துத் துக்கத்தை முடிச்சுவிடுறதாம். எந்த நாளில இருந்து முப்பத்தொண்டு? சண்டை முடிஞ்ச நாளில இருந்தாம்! ஒரு மனிசன் செத்த நாளை ரிவியைப் பார்த்து முடிவு கட்டின குடும்பத்தை நீங்கள் எங்கையாவது கண்டிருக்கிறியளோ? எனக்கெண்டால் பத்திக்கொண்டு வந்தது.

“அண்ணை, அவன் நடந்து போனவன் எண்டெல்லோ அந்த மனிசி சொன்னவ?” எண்டு போனில கேட்டன்.

“நடந்து போனவையெல்லாம் இப்ப எங்கை, தங்கச்சி?” எண்டார்.

 அதைக் கேட்டு எனக்குக் கோவம் இன்னும் கூடிச்சுது. “செத்தால்தானே துக்கம்? உயிரோட இருக்கிறவனுக்கு என்ன துக்கம் கழிக்கிறது? கலியாணத்தைச் செய்யுங்கோ, ஆர் வேண்டாமெண்டது! அதுக்கு ஏன் அவனைச் சாக்கொல்லுறியள்?” எண்டு கத்திப்போட்டு போனை வைச்சிட்டன்.

நாங்கள் கடற்கரைப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கச் சனம். ஊரில பெருநாளெண்டாலும் துக்கச் சாப்பாடெண்டாலும் நாலைஞ்சு குடும்பம் பங்கு சேர்ந்து ஒரு மாடு அடிக்கிறது. இங்கை வந்தும் அதை விடேல்லை. வடக்கால ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு கிழட்டு வெள்ளைக்காரன்ரை பார்ம் இருக்கு. அவனிட்டை ஒரு நாம்பன் மாட்டை வாங்கி, அங்கையே அடிச்சு உரிச்சுப் பங்கு போட்டுக்கொண்டு வருவம். இந்த முறை பங்குக்கு அஞ்சு குடும்பம். அண்ணை வீடு, எங்கடை வீடு, மச்சான் வீடு, அவர் அண்ணியின்ரை தமையன். மற்றது டோர்செட் பார்க்கில எங்கடை பில்டிங்கில இருக்கிற ரெண்டு குடும்பம், மேல்மாடியாரும் கீழ்மாடியாரும். ஒரு பின்னந்தொடையை மட்டும் பிரிக்காமல் முழுசா முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு எடுத்து வைக்கிறதெண்டு ஏற்பாடு.

நான் வரமாட்டன் எண்டுதான் நிண்டன். என்ரை மனிசன் மிசிசாகாவில எயார்போட் வேலை முடிஞ்சு வந்த களையோட, “வீட்டில இருந்து புறுபுறுத்து என்ன பலன்? போய் முகத்துக்கு நேரை சொல்லும்” எண்டார். அது எனக்குச் சரியாப் பட்டுது. சண்டை பிடிக்கத்தான் போனன், பொய் சொல்லேல்லை.

ஊரில எண்டால் கயிறு போட்டு விழுத்திக் கழுத்தில கத்தி வைக்கிறது. இங்கை பார்ம்காரன் துவக்கோட வந்து நெத்தியில ஒரு வெடி வைப்பான். முந்தியும் ரெண்டு மூண்டு தரம் கேட்ட சத்தம்தான். ஆனா அண்டைக்கு அது வெடிச்ச உடன நான் வேலிக்கரையில குந்தியிட்டன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில அண்ணையும் குந்தியிருக்கிறார், ரெண்டு கையும் தலைக்கு மேல. அந்த வெள்ளைக்காரன் எங்களைப் பார்த்துச் சிரிச்சான். நாசமாப் போவான், மாடு விழுந்ததுக்கு நாங்கள் ஏன் விழுந்தனாங்கள் எண்டு அவனுக்கு என்ன தெரியும்! அண்ணை எழும்பிக் காற்சட்டையில இருந்த மண்ணைத் தட்டிப்போட்டு, என்ரை முகத்தைப் பாராமல் கத்தியை எடுத்தார்.

ரத்தம் வடிஞ்ச பிறகு பின்னங்காலில சங்கிலி போட்டு ட்ரக்டரில தூக்கினவை. அண்ணை காலடியில கீறித் தொடங்கி, கத்தியைக் கொஞ்சமாவும் பொத்தின கைமுட்டியைக் கூடவும் பாவிச்சு, தோலை இறைச்சியில இருந்து குத்திக் குத்திக் கழட்டிக்கொண்டு வந்தார். வயித்தைத் திறக்கேக்க ரெண்டு விரலை உள்ளுக்கு விட்டு, அதுக்கு நடுவில கத்தியைப் பிடிச்சு இறக்கினார். குடலில கத்தி பட்டால் எல்லாம் நாறிப்போகும். குடலும் ஈரலுமா உள்ளுடன் முழுக்க ஒரு பெரிய தொட்டிக்குள்ள சரிஞ்சு விழுந்தது. அதைக் கழுவுறது எங்கடை வேலை, பொம்பிளையளின்ரை வேலை.

சுடுதண்ணியை ஊத்தி ஊத்தி நானும் அண்ணியும் குடல் சுரண்டுறம். அந்த நாத்தத்துக்குள்ள நிண்டுகொண்டு அண்ணி கலியாணக் கேக்கைப் பற்றிக் கதைக்கிறா. எத்தினை தட்டு வைக்கிறது, ரோஸ் நிறமோ வெள்ளையோ. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். பிறகு, “முப்பத்தொண்டு முடிஞ்ச உடன ஓடர் குடுக்க வேணும்” எண்டா. சும்மா விடுவனே?

“அந்தக் கண்டறியாத கேக் வெட்டுறதுக்கு என்ரை தம்பி செத்தே ஆகவேணுமோ அண்ணி?”

அவ அழத் தொடங்கிட்டா. அண்ணைக்குக் கேட்டது, எனக்குத் தெரியும். ஆனா அவர் ஈரலில இருந்து பித்தப்பையைப் பிரிச்சுக்கொண்டு நிண்டார். அது உடைஞ்சால் ஈரல் முழுக்கக் கைச்சுப் போகும் எண்டு அந்த நேரத்தில ஒருத்தரும் வெட்டுறவரோட கதைக்கிறேல்லை. நல்ல சாட்டு அவருக்கு.

பங்கு போடுறதுக்கு எங்கடை ஆக்களிட்டை ஒரு ஒழுங்கு இருக்கு. தறப்பாளை விரிச்சு, எத்தினை குடும்பமோ அத்தினை குவியல் வைக்கிறது. ஒவ்வொண்டிலயும் தசை, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாத்திலயும் கொஞ்சம் இருக்கும். பிறகு ஒராள் குவியலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கும். மற்றாள் ஒரு குவியலில தடியை வைச்சு, “இது ஆருக்கு?” எண்டு கேக்கும். முதுகு காட்டினவர் பாராமல் ஒரு வீட்டைச் சொல்ல வேணும். சொன்னது சொன்னதுதான், பிறகு பெரிசு சிறிசு எண்டு ஒருத்தரும் மூஞ்சையை நீட்டேலாது. ஊரில அப்பா போன பிறகு முதுகு காட்டி நிக்கிறது அண்ணைதான். இங்கை வந்தும் அவர்தான்.

அண்டைக்குத் தடி பிடிச்சது மச்சான். அண்ணை ரத்தக் கையோட பார்ம்காரன்ரை சோளக் காணியைப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

“இது ஆருக்கு?”

“எனக்கு.”

“இது?”

“தங்கச்சிக்கு.”

“இது?”

“சின்னவனுக்கு.”

மச்சான்ரை தடி அப்பிடியே நிண்டுது.  அண்ணைக்கு ஒண்டும் விளங்கேல்லை. “என்ன நிக்கிறீர், அடுத்ததைக் கேளும்” எண்டார். மச்சானும் பாவம், என்ன செய்யிறது எண்டு தெரியாமல் அடுத்ததில தடியை வைச்சார். மேல்மாடியாருக்கு. கீழ்மாடியாருக்கு. பிறகு, “மச்சானுக்கு” எண்டு தன்ரை பாட்டில சொன்னார் அண்ணை.

“இனிக் குவியல் இல்லை, மச்சான்.”

“ஏனில்லை? ஒழுங்கா எண்ணிப் போடேல்லையோ?”

ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான் திறந்தன். இதைத்தான் இந்தச் சனம் இத்தினை வருசமாப் பிழை எண்டு சொல்லுது.

“எண்ணினது சரி அண்ணை! நீங்கள்தான் சின்னவனுக்கு ஒரு பங்கு குடுத்தனியள். ஊரில சொல்லுறமாதிரி, எனக்கு அடுத்ததா அவன்ரை வீட்டைச் சொன்னனியள். செத்தவனுக்கு ஆராவது இறைச்சிப் பங்கு குடுப்பினமோ? சொல்லுங்கோ! பங்கையும் குடுத்துப்போட்டு முப்பத்தொண்டும் குடுக்கப் போறியளோ?”

அண்ணை திரும்பேல்லை. எனக்கு அவரின்ரை முகம் தெரியேல்லை, முதுகு குலுங்கினது மட்டும் தெரிஞ்சுது. மச்சான் நல்ல மனிசன், கதையை முடிக்க வேணுமெண்டு, “பரவாயில்லை, இதை நான் எடுக்கிறன்” எண்டு அந்த மூண்டாவது குவியலுக்குக் குனிஞ்சார்.

“வையும் அதை!” எண்டு அண்ணை போட்ட சத்தத்தில தூரத்தில நிண்ட பார்ம்காரனே திரும்பிப் பார்த்தான். “அது அவன்ரை. ஒருத்தரும் கை வைக்கப்படாது.”

 பிறகு, இன்னும் திரும்பாமலே, “அந்தப் பின்னந்தொடையை வெட்டி மச்சான்ரை பங்கை எடுங்கோ. மிச்சத்தையும் பிரியுங்கோ. சாப்பாடு ஒண்டும் இல்லை” எண்டார்.

 தொடையை அண்ணிதான் பிடிச்சுக் குடுத்தா, மச்சான் கோடாலியைப் போட்டார். சின்னவன்ரை பங்கை நான் ரெண்டு பாக்கில கட்டி என்ரை மடியில வைச்சுக்கொண்டு வந்தன். வான் முழுக்க இடம் இருந்தது, கீழ வைக்க மனம் வரேல்லை.

கலியாணம் ஓகஸ்டில நல்லாத்தான் நடந்தது. நான் அரக்குச் சீலை உடுத்து, பூவும் வைச்சு, முன்வரிசையில இருந்தன். தம்பிக்கு இப்பிடி நடந்திருக்க உவவுக்கு உந்தப் பூவும் சீலையும் தேவையோ எண்டு பின்னால ஒருத்தி கேட்டா. நான் திரும்பி, “என்ரை தம்பிக்கு என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ? தெரிஞ்சால் சொல்லுங்கோ, நானும் அறிவம்” எண்டன். பேசாமல் இருந்திட்டா.

தெரிஞ்ச ஆக்களும் அப்பிடித்தான் பேசாமல் இருக்கினம். காயப்பட்ட காலோட நடந்து போனவனை எந்த ஆமி பஸ்சில ஏத்தினது, எங்கை இறக்கினது எண்டு ஏத்தினவனுக்குத் தெரியாதோ? துவக்கு வைச்சிருந்தவனுக்குத் தெரியாதோ? அந்த அரசாங்கத்துக்கு வாயில்லையோ? எனக்கு வாய் கூடவாம்!

இப்பவும் நத்தார் பெருநாளுக்கு மாடு அடிக்கிறம். அண்ணைக்கு முழங்கால் ஏலாது, கதிரை போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். அஞ்சு குடும்பம், ஆறு குவியல். எனக்கு, தங்கச்சிக்கு, சின்னவனுக்கு எண்டு சொல்லுவார், நான் அதை எடுத்துக்கொண்டு வந்து பிரீசரில வைப்பன். போன வருசம் மேல்மாடியாரின்ரை மருமகன் புதுசா வந்து, “ஒண்டு கூடிப் போச்சே அன்ரி” எண்டான். கூடேல்லை, தம்பி. என்ரை சின்னவன் செத்தவன் எண்டு சொல்லுறவை, எங்கை, எப்பிடி, எந்தக் குழிக்குள்ள எண்டு என்ரை முகத்துக்கு நேரை வந்து சொல்லட்டும். அண்டைக்கு நான் என்ரை கையாலை ஒரு குவியலைக் குறைக்கிறன். அதுவரைக்கும் ஆறுதான்.