மெழுகுதிரி மறைத்த நேரம்

டிலானி போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, நான் கனடாவில், மார்க்கம் நகரத்து எங்கள் அலுவலகத்தின் கார் தரிப்பிடத்தில் நின்றேன். அவருடைய நோய் கடுமையென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முப்பத்தெட்டு ஒரு வயதா? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

அவரோடு வேலை செய்த நீங்களும் இதை வாசிப்பீர்கள். தொழிற்சாலை வேலை போன பிறகு, ஐம்பது வயதில் இணையப்பக்கம் செய்யப் பழகி அங்கே சேர்ந்தவன் நான். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். என் வேலையைப் பார்த்துச் சரிசெய்கிற டிலானி என்னைப் பொறுத்துக்கொண்டார்.

நாங்கள் மரண அறிவித்தல் பக்கங்களும் செய்தோம். படம், மாலை, மெழுகுதிரி எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்கெனவே விளங்கும் சின்னக் கட்டளைச் சொற்களை எழுதித்தான் இடத்தில் வைப்போம். 'அப்சலூட்' என்று எழுதினால், மெழுகுதிரி வரிசையை விட்டு எழும்பி, தன்னைச் சுற்றி 'ரிலேட்டிவ்' என்று எழுதிய கட்டத்தை அளவாக வைத்துத் தன் இடத்தை எடுக்கும். அப்படியொரு கட்டம் இல்லையென்றால் முழுப் பக்கத்தையும் அளவாக வைத்து எங்காவது போய் நிற்கும்.

"அண்ணை, கட்டத்துக்கு முதல் ரிலேட்டிவ் போடுங்கோ. இல்லாட்டி உது சொல்லுக் கேளாது" என்பார் டிலானி.

ஒருமுறை நான் மறந்துவிட்டேன். என் பெரிய திரையில் மெழுகுதிரி படத்தின் காலடியில் வடிவாக எரிந்தது. கைத்தொலைபேசியில் அது, உடலைப் பார்வைக்கு வைக்கும் நேரத்தை மறைத்துக்கொண்டு நின்றது. எங்கள் சனம் அறிவித்தலைக் கைத்தொலைபேசியில்தானே பார்க்கும். இறந்தவரின் தம்பி நேரம் தெரியாமல் பிந்தி வந்தார். அதற்குள் சவப்பெட்டியை மூடியாயிற்று. அவர் தமையனின் முகத்தைக் காணவில்லை.

வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதினேன். டிலானி அதைப் பறித்துவிட்டார்.

"நீங்கள் வேலையை விட்டா அந்த மனுசனுக்கு என்ன வரப்போகுது? நேர போய்ச் சொல்லுவம். நானும் பாத்துத்தானே விட்டனான்."

அஜின்கோர்ட் பகுதியில் அந்தத் தம்பியின் வீட்டு வாசலில் நான் டிலானிக்குப் பின்னால் நின்றேன். மணியை அடித்தவர் டிலானி. உள்ளே போனதும் "பிழை எங்கட" என்றார், ஒரு சாட்டும் சொல்லவில்லை. தம்பியார் எங்களுக்குக் கதிரையைக் காட்டினார்.

"உங்களை ஏசி என்ன, என்ர அண்ணை திரும்பி வரப்போறாரே? இன்னொருத்தருக்கு இப்பிடி வராமப் பாருங்கோ."

திரும்பி வரும்போது காரில் நான் அழுதுவிட்டேன். "அழுதது காணும், நிப்பாட்டுங்கோ" என்றார் டிலானி. "நாளைக்கு ஒரு பழைய ஃபோன் கொண்டு வாங்கோ. இனிச் சின்னத் திரையிலதான் முதல் பாக்கிறது."

அந்தப் பழக்கமும், பிழை விட்டால் நேரே போய்ச் சொல்லும் துணிவும் எனக்கு அவர் தந்தவை. அன்று கடிதத்தோடு போயிருந்தால் இரண்டும் எனக்கு வாய்த்திராது. இதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

டிலானியின் அறிவித்தலை நான்தான் செய்தேன். நேரத்தையும் இடத்தையும் மேலே வைத்தேன். பார்வைக்கு வைத்த அன்று, மண்டபம் திறக்கும்போதே அந்தத் தம்பியார் வாசலில் நின்றார். டிலானியின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நேரம் வடிவாத் தெரிஞ்சுது" என்றார்.

அது டிலானிக்குச் சேரவேண்டிய வார்த்தை. அவருக்காக நான் வாங்கி வைத்திருக்கிறேன்.